ஆட்டம் முடிந்த மறுநாள் சொல்லி என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், கீழ் மூலையில், ஒரு டயர் விளம்பரத்துக்கு மேலே நாலு வரிச் செய்தி வந்திருந்தது. சென்னை கால்பந்து லீக்கில் ஒரு ரயில்வே அணி 2-1 என்று ஜெயித்ததாம். அதைப் படித்து நான் புலம்பி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. அந்த ஆட்டம் நடந்த மைதானத்துக்கு என் வீட்டிலிருந்து ஒரே பஸ். அன்றைக்கு மாலை நான் திண்ணையில் உட்கார்ந்து எதிர் வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடிந்து, பந்தல் பிரித்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகு வந்து பத்திரிகை வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்று ஒரு பத்தி போடுகிறீர்கள். எந்தக் கோயிலில் பிரதோஷம், எந்த சபாவில் உபன்யாசம், எங்கே நூல் வெளியீடு, எங்கே ரத்த தான முகாம் எல்லாம் அதில் வருகிறது. அந்தப் பத்தியில் உள்ளூர்க் கால்பந்துக்கு மூன்று வரி கொடுங்கள். எந்த மைதானம், எத்தனை மணி, யாருக்கும் யாருக்கும் ஆட்டம். அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், இந்தப் பத்தியை மட்டும் வெட்டாதீர்கள்.

எனக்கு வயது 63. பெரம்பூர்வாசி. நாற்பது வருஷம் போர்டு ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். கடைப் பெயர்ப் பலகை, லாரிக்குப் பின்னால் எழுத்து, தேர்தல் சுவர், கோயில் திருவிழா பேனர் எல்லாம் எழுதியிருக்கிறேன். பிளெக்ஸ் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. இப்போது எப்போதாவது யாராவது ஆட்டோவுக்குப் பின்னால் பிள்ளைகளின் பெயர் எழுதக் கூப்பிடுவார்கள். ஆக, நான் கால்பந்து நிபுணன் இல்லை. சின்ன வயதில் ஆடினேன், முட்டி போய்விட்டது, நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரு விஷயம்: ஒரு செய்தியை ரோட்டில் போகிறவன் கண்ணில் எப்படிப் படவைப்பது.

எங்கள் பக்கம் கால்பந்துக்குப் பஞ்சமில்லை. வியாசர்பாடியை 'மினி பிரேசில்' என்று உங்கள் பத்திரிகையே எத்தனையோ முறை எழுதியிருக்கிறது. உலகக் கோப்பை வந்தால் தெருவுக்குத் தெரு அர்ஜென்டினா கொடி, பிரேசில் கொடி. 2022ல் மெஸ்ஸி கோப்பையைத் தூக்கிய ராத்திரி எங்கள் சந்தில் பட்டாசு வெடித்ததில் என் மனைவி தீபாவளி என்று நினைத்து எழுந்துவிட்டாள். இந்த ஜனங்களுக்குக் கால்பந்து பிடிக்காது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். அப்படியிருக்க, இங்கிருந்து இரண்டு மைல் தள்ளி லீக் ஆட்டம் நடக்கும்போது கேலரியில் ஆள் இல்லை. உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் மாற்று ஆட்டக்காரர்களின் அப்பாக்கள், ஓய்வு பெற்ற நாலு பழைய ஆட்டக்காரர்கள், வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு கூரியர் பையன்.

முன்னே இப்படி இல்லை. 1993ல் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தைப் புதிதாகக் கட்டித் திறந்த சமயம், நேரு கோப்பை சர்வதேசப் போட்டி இங்கே நடந்தது. வட கொரியாதான் கோப்பையை எடுத்தது. அந்தச் சமயத்தில் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வடசென்னையில் சுவர் சுவராகச் சுண்ணாம்பு அடித்து, மேலே நீலத்தில் எழுதினோம். எழுதின சுவர்களுக்குப் பக்கத்துத் தெருக்காரர்களை ஸ்டேடியத்தில் நானே பார்த்தேன். "உன் எழுத்தைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்" என்று ஒரு சோடாக் கடைக்காரர் சொன்னார். எனக்கு அதைவிடப் பெரிய கூலி அதற்கு அப்புறம் கிடைக்கவில்லை. 1995ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி வந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா வங்கதேசத்தை 1-0 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியது, இதே ஊரில். (இதே இடத்தில் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த காலத்தில், 1956ல், வினூ மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்தார்கள் என்று என் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். கிரிக்கெட் அங்கிருந்து சேப்பாக்கத்துக்குப் போய்விட்டது. கூட்டமும் அதன் பின்னாலேயே போய்விட்டது என்பார்.)

அப்புறம் 2014ல் ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து வந்தது. அப்போது எங்கள் தெருப் பையன்கள் ஒரு காடாத் துணிக் கட்டை என் தலையில் போட்டு, "அண்ணே, நீலத்துல எழுதிக் குடுங்க" என்றார்கள். பதினெட்டு அடி நீளம். அதில் ஆடும் நம்ம ஊர் அணியின் பெயரை, சென்னையின் எஃப்சி என்று எழுதினேன். இடம் மிஞ்சியதில் ஒரு காளையும் வரைந்தேன், பார்ப்பதற்கு எருமை மாதிரி வந்துவிட்டது, பையன்கள் அதையும் தூக்கிக்கொண்டு போனார்கள். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்து ஊரே மூழ்கியதில் கொல்கத்தாவுடனான அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் புனேக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே சென்னை அணி 3-0 என்று ஜெயித்து, அந்த மாதமே கோவாவில் கோப்பையையும் எடுத்தார்கள். 2018ல் மறுபடியும், பெங்களூரில் பெங்களூரையே 3-2 என்று. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் அந்த அணியின் நடுக்களத்தில் ஆடினார். அவர் ஆடுகிறார் என்பதற்காகவே பஸ் ஏறியவர்கள் எங்கள் ஏரியாவில் உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

இப்போது என் கதை. போன வருஷம் கோடையில், தெரிந்த ஒரு பையன் கீழ் டிவிஷன் அணி ஒன்றில் ஆடுகிறான் என்று பார்க்கக் கிளம்பினேன். எந்த மைதானம் என்று சொல்லமாட்டேன், அங்கே வேலை பார்ப்பவர்கள் பாவம். ஆட்டம் மூன்று மணி என்று சொன்னான். மே மாதம், மூன்று மணி. போய்ச் சேர்ந்தால் பெரிய கேட் பூட்டியிருக்கிறது. காவலாளி, "என்ன விஷயம் பெரியவரே?" என்றார். மேட்ச் பார்க்க வந்தேன் என்றேன். "மேட்ச்சா? நீங்க பிளேயரோட ஃபாதரா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆட்டம் பார்ப்பதற்காக மட்டும் ஒரு மனுஷன் வருவான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பின் பக்கம் சுற்றி ஒரு சின்னக் கேட் வழியாக உள்ளே போனேன். அதற்குள் ஒரு கோல் விழுந்துவிட்டது. யார் போட்டது, எந்தப் பக்கம் முன்னிலை, ஒன்றும் தெரியவில்லை. ஸ்கோர் போர்டு என்று ஒரு பொருளே இல்லை. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன், அவர் கூரியர் பையன்.

ஆட்டம் என்னவோ நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். எட்டாம் நம்பர் பையன் ஒருவன், கடைசிப் பத்து நிமிஷத்தில் வலது ஓரமாக மூன்று பேரை வெட்டிக்கொண்டு போய் கிராஸ் போட்டான் பாருங்கள், எழுந்து நின்று விசில் அடித்தேன். மைதானம் காலியாக இருந்ததால் என் விசிலை ரெஃப்ரி விசில் என்று நினைத்து இரண்டு டிஃபெண்டர்கள் நின்றுவிட்டார்கள். ரெஃப்ரி வந்து என்னை முறைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்து ஒரு பழைய கரும்பலகையை இறக்கினேன். எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் என்னுடன் படித்தவர். பலகையைக் கடை வாசலில் மாட்டிக்கொள்ளச் சம்மதித்தார், அதில் டீ விலையையும் எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அடுத்த ஆட்டம் எப்போது என்று அந்தப் பையனிடம் கேட்டு, இரண்டு அணிகளின் பெயரையும் அழகாக, நிழல் விழுகிற எழுத்தில் எழுதி, மணியும் இடமும் போட்டு வைத்தேன். நானே நின்று ரசித்த எழுத்து அது. அதைப் பார்த்து எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? இரண்டு பேர். ஒருவர் டீக்கடைக்காரரின் மச்சான்.

யோசித்துப் பார்த்தேன். அணியின் பெயர் அந்த டீக்கடையில் நிற்கிறவனுக்கு என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. பெரிய அலுவலகங்களின் அணிகள், மன்றங்களின் அணிகள், ஏழெட்டு ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள். இந்தியன் வங்கி அணி 1996ல் தொடங்கிய தேசிய லீக்கின் முதல் பருவத்திலேயே ஆடிய அணி. அது எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால் அடுத்த வாரம் வேறு மாதிரி எழுதினேன். 'நம்ம பால்காரர் மகன் இன்று கோல் கீப்பர். எதிர் அணியில் அவன் சித்தப்பா மகன். மாலை 4 மணி.' அவ்வளவுதான். அன்றைக்கு இருபத்தேழு பேர் வந்தார்கள், நானே எண்ணினேன். பாதிப் பேர் அந்தப் பால்காரரிடம் பால் வாங்குகிறவர்கள். பையன் இரண்டு கோல் விட்டுவிட்டான். மறுநாள் காலையில் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதற்குப் பதில் கையில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னார்களாம். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார்கள்.

தனபால் கணேஷ் விஷயத்தைச் சொன்னேன் இல்லையா, அதே கணக்குதான். ஜனங்கள் தெரிந்த முகத்தைப் பார்க்க வருகிறார்கள். வந்த பிறகு தெரியாத முகங்களும் தெரிந்த முகங்களாகிவிடுகின்றன. ஒரு மாதம் கழித்து நான் அந்த எட்டாம் நம்பரைப் பற்றி எழுதினேன், அவன் யார் மகன் என்றே சொல்லவில்லை. 'எட்டாம் நம்பர் இன்று ஆடுகிறான்' என்று மட்டும். அதற்கு வந்தார்கள். சென்னையிலிருந்து போன நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக, அதே கொல்கத்தாவின் பரம எதிரி அணியான மோகன் பகானுக்கு எதிராகக் கோல் போட்டு 1-0 என்று ஜெயிக்க வைத்தார். நாலு வருஷத்துக்கு மேல் மோகன் பகானை ஜெயிக்க முடியாமல் ஏங்கிக் கிடந்த அணி ஈஸ்ட் பெங்கால். கொல்கத்தாவில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எங்கள் டீக்கடையில் அவர் பெயரைச் சொன்னபோது இரண்டு பேருக்குத்தான் தெரிந்தது. ஒருவர் நான்.

எத்தனை மணிக்கு ஆட்டம் வைப்பது என்பது பெரிய தலைவலி. வேலை நாள் மதியத்தில் ஆட்டம் வைத்தால் யார் வருவார்கள்? நானும் விசாரித்துப் பார்த்தேன். விளக்குப் போட்டால் கரண்ட் செலவு, இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும், மைதானம் வேறு விளையாட்டுக்கும் வேண்டும், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் நடத்த வேண்டும் என்று காரணங்கள் சொன்னார்கள். நியாயமான காரணங்கள்தான். சரி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏன் வைக்கக் கூடாது? வடசென்னையில் ஞாயிறு காலையில் ஆம்பளைகள் எல்லாம் எப்படியும் பையைத் தூக்கிக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்புகிறோம். கறிக்கடை வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பதற்குப் பதில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குப் போனால் எலும்புதான் கிடைக்கும் என்பது உண்மை. இருந்தாலும் நான் போவேன். ஒரே ஒரு முறை, ஒரு நினைவுச் சுழற்கோப்பை ஆட்டத்தை இப்படிக் காலையில் வைத்துப் பார்த்தார்கள். பையோடு வந்தவர்கள் மட்டும் அறுபது பேர் இருப்பார்கள். இரண்டு பேர் பையில் ஏற்கெனவே கறி இருந்தது. நாய்களும் வந்துவிட்டன, அது வேறு விஷயம்.

தெருக்களில் நடக்கிற ஐவர் கால்பந்து, எழுவர் கால்பந்து மின்னொளிப் போட்டிகளுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. அங்கே ஒரு மைக் செட் இருக்கிறது. மைக்கில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். "ஐஸ் வண்டிக்காரர் பேரன் பந்தை வாங்குறாரு, வாங்கி என்ன பண்ணப் போறாரு, ஒண்ணும் பண்ணல" என்கிற ரகம். கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் வசவு. ஆனால் பெயர் சொல்கிறார், ஸ்கோர் சொல்கிறார், அடுத்த ஆட்டம் எப்போது என்று பத்து முறை சொல்கிறார். லீக் ஆட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. கோச் கத்துவது மட்டும்தான் கேட்கும், அதுவும் பேப்பரில் போட முடியாத சொற்கள்.

தொண்ணூறுகளில் ஒரு கடைக்குப் பலகை எழுத மஞ்சேரி பக்கம் போயிருந்தேன். மலப்புரத்துக்காரர்களின் செவன்ஸ் என்கிற எழுவர் கால்பந்து ஆட்டத்தை அப்போதுதான் பார்த்தேன். காலையிலிருந்து ஒரு ஜீப் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சுற்றுகிறது, "இன்னு ராத்திரி" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போகிறார் ஒருவர். மலையாளம் எனக்கு அரைகுறை. ஆனாலும் ராத்திரி எங்கே போக வேண்டும் என்பது புரிந்துவிட்டது. வயலில் பாக்கு மரத்தை வெட்டிக் கட்டிய கேலரி. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் ஏறுகிறார்கள். காசு கொடுத்து! இங்கே இலவசமாகக் கூப்பிட்டும் வருவதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அதே மலப்புரத்தில் 2022 மார்ச்சில் அப்படியொரு தற்காலிகக் கேலரி சரிந்து ஏகப்பட்ட பேர் அடிபட்டார்கள். ஆகவே கூட்டம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் படிக்கட்டையும் பார்க்க வேண்டும். இங்கே நமக்குக் கான்கிரீட் கேலரியே காலியாகக் கிடக்கிறது, அந்த ஆபத்து இப்போதைக்கு இல்லை.

கூப்பிட்டால் வருவார்களா என்று கேட்பவர்களுக்கு 2018 ஜூன் மாதத்தை நினைவுபடுத்துகிறேன். மும்பை அந்தேரியில் இந்தியா தைவானை 5-0 என்று அடித்தது. கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல். பார்த்தவர்கள் இரண்டரை ஆயிரம் சொச்சம். மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து சொல்லுங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். கென்யாவோடு அடுத்த ஆட்டம், அவருடைய 100வது சர்வதேச ஆட்டம். டிக்கெட் முழுக்கத் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு நல்ல மழை வேறு. அந்த இரண்டு மூன்று நாளில் இந்திய அணி புதிதாக எதையும் கற்றுக்கொண்டுவிடவில்லை. கேப்டன் வாயைத் திறந்து கூப்பிட்டார், வந்தார்கள்.

பெண்கள் ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பேத்தி விடமாட்டாள். மகள் வயிற்றுப் பேத்தி, ஒன்பதாம் வகுப்பு, பள்ளி அணியில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. பலகையைப் பார்த்துவிட்டு, "ஏன் தாத்தா, எங்க மேட்ச்செல்லாம் மேட்ச் இல்லையா?" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018ல் மணிப்பூரை வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனது. மணிப்பூரைப் பெண்கள் கால்பந்தில் ஜெயிப்பது என்பது சாதாரண விஷயமில்லை. 2023ல் மறுபடியும் சாம்பியன். மதுரையின் சேது எஃப்சி 2019ல் இந்தியப் பெண்கள் லீக்கையே எடுத்தது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கே ஆடியிருக்கிறார், போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேறு. ஆண்கள் அணி இதில் பாதி செய்திருந்தால் ஊரெல்லாம் பேனர் கட்டியிருப்போம்.

பேத்தியின் ஆட்டத்துக்கு எழுதினேன். பள்ளிகளுக்கு இடையிலான சின்னப் போட்டி, மாலை ஐந்தரை. அந்த நேரம் வசதி என்று நிறைய அம்மாக்கள் வந்தார்கள், சிலர் கைக்குழந்தையோடு. இடைவேளையில்தான் பிரச்சினை வந்தது. மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. இருந்த ஒன்றும் பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர் வீட்டு அம்மா ஒருவர் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். வரிசையாகப் போய்வந்தார்கள். அவர் மட்டும் இல்லையென்றால் பாதிப் பேர் இடைவேளையோடு கிளம்பியிருப்பார்கள். கூட்டம் வரவில்லை என்று பேசுகிற கூட்டங்களில் பெரிய திரை, டி-சர்ட், பிரபலங்கள் என்றெல்லாம் பேசுகிறார்களாம். ஒரு சாவியைப் பற்றி யாராவது பேசினார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஸ்கோர் போர்டும் நானே செய்துவிட்டேன். ஒரு பழைய தகரப் பலகை, கறுப்பு எனாமல், இரண்டு பக்கமும் ஆணி. சின்னத் தகடுகளில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை வெள்ளையில் எழுதி ஓட்டை போட்டு வைத்தேன். சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவேன். கோல் விழுந்ததும் தகடு மாட்ட பொடியன்களுக்குள் அடிதடி. ஒரு நாள் ஒரு அணி 11-0 என்று அடித்துத் தீர்த்தது. என்னிடம் ஒரு பக்கத்துக்கு ஒரு 'ஒன்று'தான் இருந்தது. தோற்கிற அணியின் பக்கத்து 'ஒன்றை' எடுத்து ஜெயிக்கிற அணிக்கு மாட்டினோம். தோற்ற அணியின் கோல்கீப்பர், "பெரியவரே, அதையாவது எங்களுக்கு விட்டு வையுங்க" என்றான். அந்த நிலைமையிலும் அவனுக்குக் கேலி வந்தது பாருங்கள், அந்தப் பையனைப் பார்க்கவே நான் மறுபடி போவேன்.

என் மேலும் ஒரு தப்பு உண்டு, மறைக்கவில்லை. ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நல்ல ஆட்டம் என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். முந்தின ராத்திரியே நேரத்தை மாற்றி வாட்ஸ்அப்பில் அணிகளுக்கு மட்டும் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. முப்பது முப்பத்தைந்து பேர் வந்து காலி மைதானத்தைப் பார்த்துவிட்டு நேரே டீக்கடைக்கு வந்தார்கள். கடைக்காரர் என் சார்பில் எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டுக் கணக்கை என் பெயரில் எழுதிவிட்டார். அதில் ஒரு வாத்தியார், "போர்டுல டீ விலை மட்டும் எழுதுய்யா, அதுவாவது உண்மையா இருக்கு" என்றார். அவர் அதற்கு அப்புறம் இரண்டு மாதம் வரவில்லை. லீக் நடத்துகிறவர்களிடம் இதைச் சொன்னால், "பார்க்க வருகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை" என்றார் ஒருவர், வெள்ளந்தியாக. பேப்பரில் வந்துவிட்டது என்றால் நேரத்தை மாற்ற ஒரு தயக்கம் வரும். முகூர்த்தப் பத்திரிகை அடித்த பிறகு யாரும் தேதியை மாற்றுவதில்லை அல்லவா. அதற்காகவும்தான் உங்களிடம் வருகிறேன்.

செல்போனில் எல்லாம் வருகிறது தாத்தா என்கிறார்கள். வருகிறது, ஏற்கெனவே தேடுகிறவனுக்கு. அந்த வாத்தியார் தேடவில்லை. கறிக்கடைக்குப் போகிறவர்கள் தேடவில்லை. பேப்பரில் ராசிபலன் பார்க்கப் போகிற வழியில் கண்ணில் பட்டால்தான் உண்டு. என் மனைவி நாற்பது வருஷமாக நான் சொல்லிக் கால்பந்து பக்கம் திரும்பாதவள், 'இன்றைய நிகழ்ச்சிகள்' பத்தியை மட்டும் ஒரு நாள்கூட விட்டதில்லை.

உங்களுக்கு இதில் வேலை அதிகம் வந்துவிடுமோ என்று யோசித்தேன். அட்டவணையை வாங்கி, நேரத்தைச் சரிபார்த்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த வாரத்து ஆட்டங்களை ஒரு தாளில் எழுதி நானே உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன். மூத்த குடிமகன் டோக்கனில் பஸ் இலவசம், ஆகவே செலவில்லை. எழுத்து தெளிவாக இருக்கும், அதற்கு நான் பொறுப்பு. சென்ற வெள்ளிக்கிழமையே ஒரு தாளைக் கொண்டுவந்தேன். வாசலில் இருந்தவர், விளம்பரப் பிரிவா செய்திப் பிரிவா என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, திரும்பிவிட்டேன். எந்தப் பிரிவு என்று மட்டும் வாசலில் சொல்லி வையுங்கள். வருகிற வெள்ளி பதினோரு மணிக்கு மறுபடி வருகிறேன்.

இப்படிக்கு,
பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட்,
பெரம்பூர், சென்னை

(பெயர் போட வேண்டாம். ரெஃப்ரிக்கு என் விசில் இன்னும் மறந்திருக்காது.)